அம்பர்நாத் சென்று வந்தோம்

மாதுங்காவில் வாழும் நம்மவர்க்கு அம்பர்நாத் என்றதும் நினைவுக்கு வருவது ஊரன்று. மாலை நேரத்தில் தாதரில் வந்து நிற்கும், கால் வைக்கவும் இடமில்லாத ஒரு மின்வண்டியே. வண்டியின் நெற்றியில் அந்தப் பெயரை நாள்தோறும் படிக்கிறோமேயன்றி, அவ்வூரில் இறங்கிப் பார்த்தவர் நம்முள் எத்தனை பேர் இருப்பர்? புகைவண்டி இலாகாவில் எழுத்தராகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்த நாமே, சென்ற மாதம் வரை அங்கே சென்றதில்லை. மாதுங்கா பணிமனையில் நம்முடன் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், "எங்கள் மாமனார் வீடு அங்கேதான் இருக்கிறது, சிவன் கோயிலையும் பார்த்துவிட்டு மதியம் அங்கேயே சாப்பிட்டு வரலாம்" என்று அழைத்தார். கோயில் பார்க்கப் போனோம். ஆனால் அங்கிருந்து கொண்டு வந்தது வேறொன்று. அதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதலானோம்.

ஞாயிறு காலை, நெரிசலில்லாத மெதுவண்டி. தானா தாண்டியதும் கழிமுகத்து நீரும் மும்பிரா மலைச்சரிவும் சன்னலோரத்தில் வந்து நின்றன. 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் பம்பாயிலிருந்து தானா வரை ஓடிய முதல் வண்டி, மறு ஆண்டிலேயே கல்யாண் வரை நீண்டதாம். நம் பாட்டனார் காலத்துத் தமிழர் பலர் தென்திசை வண்டியில் வந்து மும்பை மண்ணை முதன்முதலில் மோப்பம் பிடித்த சந்திப்பும் இந்தக் கல்யாண்தான். அங்கே இருப்புப்பாதை இரண்டாகப் பிரிகிறது: ஒன்று கசாரா பக்கம், மற்றொன்று கர்ஜத் பக்கம். நாம் கர்ஜத் பாதையில் விட்டல்வாடி, உல்லாசநகர் கடந்து அம்பர்நாத்தில் இறங்கினோம்.

கோயிலைப் பற்றி நிறைய எழுதலாம். ஆனால் அதற்கு வேறு அன்பர் உளர். கி.பி. 1060-ஆம் ஆண்டுக் கல்வெட்டு உடையது. சிலாகார மன்னர் காலத்துப் பணி. கருங்கல் முழுவதும் சிற்பம். நம் ஊர்க் கோயில்களில் படியேறிச் சென்று பழகிய நாம், இங்கே கருவறைக்குச் சுமார் இருபது படிகள் கீழே இறங்க வேண்டியிருந்தது. தலைக்கு மேலே வானம் திறந்திருக்கிறது. பக்கத்தில் ஓடும் வால்துனி ஆறு மட்டும் கண்ணை உறுத்தியது. இருபுறமும் உள்ள தொழிற்கூடங்களின் கழிவுநீரைச் சுமந்து அது பல ஆண்டுகளாக நோயாளியைப்போல் கிடக்கிறது. அந்நீரின் நிறத்தைக் கண்டு நாம் முகம் சுளித்ததைப் பின்னர் நினைத்துக்கொள்ள நேர்ந்தது.

நண்பரின் மாமனார் எழுபது கடந்தவர், நெல்லைச் சீமையினர். அம்பர்நாத்தில் 1953-இல் தொடங்கிய படைக்கலத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். வீட்டினுள் நுழைந்ததும் நம் கண்ணில் பட்டது பூசையறைக் குத்துவிளக்கு. நேற்றுத்தான் கடையிலிருந்து வந்ததுபோல் மின்னியது. மாதுங்காக் கடைவீதியில் புதிதாக அடுக்கியிருக்கும் விளக்குகளுக்குக்கூட அப்படி ஒரு மினுக்கம் இல்லை. "எதைக்கொண்டு தேய்க்கிறீர்கள் மாமா?" என்று கேட்டோம்.

"புளிதான், தம்பி. வேறென்ன? உங்கள் வீட்டில் எதைக்கொண்டு தேய்க்கிறார்கள்?" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "அமெரிக்காக்காரனும் இப்போது புளிக்குத்தான் வந்திருக்கிறான், ஆனால் வேறு பெயரில்" என்றார்.

அதன் விவரம் இது. அவருடைய மூத்த மகன் அமெரிக்காவில் வேலையிலிருக்கிறார். அங்கே குறிபார்த்துச் சுடும் கழகம் ஒன்றில் உறுப்பினர். அந்நாட்டில் இலக்குச் சுடுவோர் பலர், சுட்டபின் கீழே விழும் பித்தளைத் தோட்டா உறைகளைப் பொறுக்கி வந்து, தூய்மை செய்து, மறுபடியும் மருந்தும் குண்டும் இட்டு நிரப்பிக் கொள்கிறார்கள். தோட்டாவின் விலையில் பித்தளை உறைக்குப் பெரும் பங்கு உண்டு. அதுவும் பன்முறை பயன்படும். ஆகவே சிக்கனம் கருதியும், தம் துப்பாக்கிக்கேற்ற அளவில் மருந்திட்டுக்கொள்ள விரும்பியும் செய்கிறார்கள். பெரியவர் மகன் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தபோது, வண்டி நிறுத்தும் கொட்டகையில் இந்த உறைகளைக் கழுவும் வேலையைத் தாமே ஏற்றுக்கொண்டாராம். "வாழ்நாள் முழுதும் பித்தளையோடு கிடந்தவனுக்கு அங்கே போயும் பித்தளைதான் கிடைத்தது" என்றார்.

கழுவும் முறையை அவர் சொல்லச் சொல்ல, நாம் தாராவியைக் கண்டோம். தாராவியில் இடைவார்ப் பட்டைகளுக்கான கொக்கி வார்க்கும் சிறு கூடங்கள் உண்டு. அங்கே வார்த்தெடுத்த கொக்கிகளை எஃகுக் குண்டுகளோடும் சோப்பு நீரோடும் ஓர் உருளையில் போட்டுச் சுழல விடுவதை நம்மவர் பலரும் கண்டிருப்பர். கடகடவென்ற அந்த ஒலி தெருமுனை வரை கேட்கும். மகன் வீட்டு உருளையும் அதன் குட்டிதான். இரப்பர் உள்ளுறை பூண்ட ஒரு வாளியளவு உருளை, படுத்தவாக்கில் மெல்லச் சுழல்கிறது. குண்டுகளுக்கு மாற்றாகத் துருவேறா எஃகு ஊசித்துண்டுகள்: ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பருமனும் ஐந்தாறு மில்லிமீட்டர் நீளமும் உடையவை, ஆயிரக்கணக்கில். அவற்றோடு நீர், பாத்திரம் கழுவும் சோப்பு நீர் சில துளி, சிட்டிகையளவு சிட்ரிக் அமிலம். எலுமிச்சையில் இருப்பது அந்த அமிலம்; நம் புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். இரண்டும் செய்யும் வேலை ஒன்றே: பித்தளையின் மேல் படிந்த கறுப்பைக் கரைத்தல். தேய்க்கும் வேலையை ஊசிகள் பார்த்துக்கொள்ளும். விரல் புகாத உட்புறத்திலும், அடியிலுள்ள சிறு குழியிலும் அவை நுழைந்துவிடும்.

"இதில் கைப்பக்குவம் உண்டா?" என்று நண்பர் கேட்டார். பெரியவருக்கு அக்கேள்வி பிடித்திருந்தது. உண்டாம். உருளை வேகமாகச் சுழன்றால் உள்ளிருப்பவையெல்லாம் சுவரோடு ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றும், உரசல் இராது. மிக மெதுவானாலோ எல்லாம் அடியிலேயே கிடந்து புரளும். சரிவில் மணல் வழுக்கி விழுவதுபோல் விழ வேண்டும். கழுவுமுன் உறையின் அடியிலிருக்கும் சுட்ட வெடிமூடியைத் தட்டி எடுத்துவிட்டால் குழியும் துலங்கும், நீரும் வடியும். இரண்டு மூன்று மணி நேரம் போதும். இரவெல்லாம் ஓடவிட்டால் உறையின் வாய்விளிம்பு அடிபட்டு மழுங்கும். அமிலத்தைக் கூட்டினாலோ, நீரிலேயே ஊறவிட்டாலோ, பித்தளையின் மேற்பரப்பிலிருந்து துத்தநாகம் கரைந்துபோய்ச் செம்பு மட்டும் தங்கி, மஞ்சள் நிறம் மாறி இளஞ்சிவப்புத் தட்டும். புளியைப் பூசிவிட்டு மறந்துபோன செம்பைப் பிறகு எடுத்துப் பார்த்த தாய்மார்க்கு இது புதிதன்று. கடைசியில் நன்னீரில் அலசி, ஊசிகளைப் பிரித்தெடுத்து, ஈரம் சிறிதுமின்றி உலர்த்த வேண்டும். உள்ளே ஈரம் நின்றால் மருந்து நமத்துவிடும்.

நீரின்றிக் கழுவும் பழைய முறையும் உண்டு. அக்ரூட் ஓட்டின் தூளிலோ சோளச்சக்கைத் தூளிலோ உறைகளைப் போட்டுக் குலுக்குவர். அதில் எழும் தூசிதான் கேடு. வெடிமூடிக்குள் இருக்கும் கலவையில் ஈயச் சேர்மம் உண்டு. சுட்டபின் அந்த ஈயம் உறையின் உட்புறத்தில் படிந்திருக்கும். குலுக்கும்போது தூசியாய்ப் பறந்து மூச்சில் சேரும். நீரில் கழுவும்போது பறப்பதில்லை. ஆனால் நீர் கறுத்துவிடுகிறது. பெரியவர் அந்தக் கறுப்பு நீரைச் சமையல்கட்டுத் தொட்டியில் ஒரு நாளும் ஊற்றவிடவில்லையாம். அதற்கென்று தனி வாளி, கைக்கு இரப்பர் உறை, வேலை முடிந்ததும் கை கழுவாமல் பேரப்பிள்ளையைத் தூக்குவதில்லை என்ற விரதம். இதைக் கேட்டபோதுதான் காலையில் கண்ட வால்துனி நினைவுக்கு வந்தது. தாராவியில் பழைய உலோகம் பிரிக்கும் கூடங்களில் நம்மவர் பிள்ளைகள் வெறுங்கையோடு வேலை செய்வதும், அதே கையால் தேநீர்க் கோப்பையைப் பிடிப்பதும் நினைவுக்கு வந்தன. இதைப் படிக்கும் கூட உரிமையாளர் ஒருவரேனும் கைக்கு ஓர் உறையும் ஒரு சோப்புக் கட்டியும் வாங்கி வைப்பாராயின் நாம் மகிழ்வோம்.

நிற்க. இதைப் படித்துவிட்டு யாரும் நம் நாட்டில் இத்தொழிலில் இறங்கிவிடலாகாது. 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா செய்வது குற்றம். தோட்டாவின் உறுப்புகளையும் அச்சட்டம் தோட்டா என்றே எண்ணுகிறது. பையின் மூலையில் மறந்து கிடந்த ஒற்றைத் தோட்டாவுக்காக விமான நிலையத்தில் வழக்கில் சிக்கியவர் உண்டு. பழைய சாமான் குவியலில் பளபளவென்று ஒன்று கிடைத்தது என்று பிள்ளைகள் கொண்டுவந்தால், பெற்றோர் அதை விளையாட்டுப் பொருளாக எண்ண வேண்டா. வெடிக்காத தோட்டாவும் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும்.

தொழிற்சாலையைப் பற்றிக் கேட்டோம். "உள்ளே நடப்பதை வெளியே சொல்லும் வழக்கமில்லை, தம்பி. புத்தகத்தில் இருப்பதைக் கேளுங்கள், சொல்கிறேன்" என்று விட்டார். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியும் அந்தக் கட்டுப்பாடு! புத்தகத்தில் இருப்பதே போதுமானதாயிருந்தது. நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்தது தோட்டாப் பித்தளை. அதைத் தகடாக்கி, வட்டமாக வெட்டி, கிண்ணமாக அழுத்தி, அக்கிண்ணத்தை அச்சில் இழுத்து இழுத்து நீட்டுவார்கள். குளிர்ந்த நிலையில் இழுக்க இழுக்கப் பித்தளை இறுகும். இடையிடையே காய்ச்சித் தளர்த்தாவிட்டால் கிழிந்துவிடும். பூனாவை அடுத்த கடக்கியில் 1869-ஆம் ஆண்டிலேயே வெள்ளையர் தோட்டாத் தொழிற்சாலை நிறுவினர். ஆனால் அக்காலத்தில் அவர்கள் அறியாத ஒரு செய்தி இருந்தது என்று சொல்லிப் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மகன் வீட்டில் முதல் நாளே அவனிடம் கேட்டேன்: பளபளப்புக்காக அம்மோனியா கலந்த மெருகு எதையும் இதில் போடுகிறாயா என்று. போடுவதில்லை அப்பா, கூடாதென்று எல்லாரும் சொல்கிறார்கள் என்றான். ஏன் கூடாது என்று கேட்டேன். தெரியவில்லை. அது நம் நாட்டில் கற்ற பாடம் என்று அவனுக்குச் சொன்னேன்."

அப்பாடம் இது. சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில், இந்தியாவிலிருந்த வெள்ளையர் படைகள் மழைக்காலம் வந்ததும் போர்ப் பயிற்சிகளை நிறுத்திவிட்டு, தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தன. மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால், பித்தளை உறைகள் பல நெடுக வெடித்திருந்தன. எவரும் தொடவில்லை, சுடவில்லை, அடுக்கியபடியே இருந்தவை. ஆங்கிலேயர் இதற்குப் 'பருவ வெடிப்பு' என்றே பெயரிட்டனர். காரணம் தெளிவாக விளங்கியது 1921-இல்தான். மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூவர் ஆராய்ந்து கூறினர்: குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா ஆவி, மழைக்காலத்து ஈரம், இழுத்துச் செய்த பித்தளைக்குள் அடங்கியிருக்கும் இறுக்கம் ஆகிய மூன்றும் ஒன்று கூடினால் பித்தளை தானே பிளக்கும். மூன்றில் ஒன்றை நீக்கினாலும் பிளவு இல்லை. ஆகவே உறையைச் செய்து முடித்தபின் மிதமான சூட்டில் காய்ச்சி உள்ளிறுக்கத்தைத் தளர்த்தும் வழக்கம் நிலைத்தது. வார்த்துச் செய்த குத்துவிளக்குக்கு இந்த அச்சம் அவ்வளவாக இல்லை; தகட்டை அடித்தோ அழுத்தியோ செய்த ஏனங்களுக்கே உண்டு என்றும் பெரியவர் சொன்னார்.

நண்பர் வியந்து தலையசைத்தார். நாமோ சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தோம்.

ஏனெனில் நம் வீட்டில் ஒரு குடம் இருக்கிறது. ஆச்சி, அதாவது நம் தந்தையாரின் அன்னையார், திருநெல்வேலியிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த பித்தளைக் குடம். 1998-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் நாம் செம்பூர்ப் பக்கம் குடியிருந்தோம். வீட்டின் பின்சுவரை ஒட்டி ஓர் எருமைக் கொட்டில். இங்குள்ளோர் தபேலா என்பர். மழை பிடித்துவிட்டால் அந்த நெடியில் கண் எரியும். நல்ல நாளில் மட்டும் புழங்கும் அக்குடம் பின்சன்னல் மேடையிலேயே இருந்தது. ஆவணி மாதம் ஒருநாள் நீர் நிரப்பினால், கழுத்துக்குக் கீழே நெடுக ஒரு கோடாக நீர் கசிந்தது. கடைசியாக அதைத் துலக்கி வைத்தவர் நம் அன்னையார். "கீழே போட்டுவிட்டுச் சொல்லாமல் வைத்துவிட்டாள்" என்றார் ஆச்சி. அன்னையார், "நான் போடவில்லை அத்தை" என்றார். ஒரு முறைதான் சொன்னார். அதன்பின் ஆச்சி நீர் கேட்டால் கொடுப்பார், மருந்து கேட்டால் கொடுப்பார். குடத்தைப் பற்றிய பேச்சுக்கு வாய் திறக்கமாட்டார். ஆச்சி 2009-இல் இறந்துபோனார். தாராவியிலிருக்கும் நம் அத்தை இன்றும் எந்தக் கலியாண வீட்டிலும், ஏனம் கைதவறி விழுந்தால், "எங்கள் மதினி குடம் போட்ட கதை தெரியுமா?" என்று தொடங்கிவிடுவார். எல்லாரும் சிரிப்பர். நாமும் சிரித்திருக்கிறோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதைப் பெரியவரிடம் சொன்னோம். அவர் ஒரே கேள்வி கேட்டார்.

"குடத்தில் நசுங்கல் இருக்கிறதா, தம்பி?"

கவனித்ததில்லை என்றோம். "போய்ப் பாருங்கள். கீழே விழுந்த பித்தளை முதலில் நசுங்கும். வெடிப்பது அதற்குப் பிறகு. நசுங்கலே இல்லாமல் நேர்கோடாக வெடித்திருந்தால் அதை யாரும் போடவில்லை" என்றார்.

திரும்பும் வண்டியில் மும்பிரா மலையும் பார்க்கவில்லை, கழிமுகமும் பார்க்கவில்லை. மாதுங்காவில் இறங்கி வீட்டுக்கு வந்ததும் சமையலறை மூலையிலிருந்த குடத்தை எடுத்தோம். பிளவுக்கு ஈயப்பற்று வைத்து, இப்போது அதில் அரிசி கொட்டி வைக்கிறோம். அரிசியைத் தாம்பாளத்தில் கவிழ்த்துவிட்டு, விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்; கண் மூடி விரலால் தடவிப் பார்த்தோம். ஈயப்பற்றின் இருபுறமும் முகம்போல் வழவழப்பாக இருந்தது. விளிம்பில் இல்லை, வயிற்றில் இல்லை, அடியிலும் ஒரு நசுங்கல் இல்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக வீட்டில் எல்லார் கண்ணெதிரிலும் அது இருந்திருக்கிறது.

அன்னையார், "இந்த நேரத்தில் அரிசியை எதற்குக் கொட்டுகிறாய்?" என்று கேட்டு வந்தார். லாயத்தையும் குதிரையையும் தோட்டாவையும் நாம் முன்னும் பின்னுமாகச் சொல்லி முடித்தோம். கேட்டுக்கொண்டே அரிசியில் கிடந்த இரண்டு கல்லைப் பொறுக்கி எறிந்தார். பிறகு, "அத்தை இருக்கும்போதே அந்த மனிதரைப் பார்த்திருக்கலாமே" என்றார். சிறிது நேரம் கழித்து, "தாராவிக்குப் போன் போடு" என்றார்.

அத்தை முதலில் நம்பவில்லை. "குதிரை மூத்திரத்துக்கும் நம் வீட்டுக் குடத்துக்கும் என்னடா சம்பந்தம்?" என்றார். எருமைக் கொட்டிலை நினைவூட்டினோம். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. "ஆமாம், அந்த நாற்றத்தில் நான் ஒருநாள் ராத்திரி தங்க முடியாமல் கிளம்பி வந்திருக்கிறேன்" என்றார். பிறகு, "போனை மதினியிடம் கொடு" என்றார்.

அன்னையார் பேசியை வாங்கிக்கொண்டு கூடத்துக்குப் போனார். அரை மணி நேரம் பேசினார்கள். நாம் அரிசியை வேறொரு தகரப் பெட்டியில் கொட்டிவிட்டு, குடத்தைத் துலக்கப் புளியை ஊறப் போட்டோம்.